சிங்கப்பூரில் குப்பையும் லிஃப்டும் எம்.பி.யின் தலையில் ஏன்?

மதுரையிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “சட்டம் இயற்றத்தானே எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறோம்? சிங்கப்பூரில் மட்டும் லிஃப்ட் ஓடுகிறதா, குப்பைக் குழாய் அடைத்திருக்கிறதா என்றெல்லாம் எம்.பி. பார்க்கிறாராமே. அது அவருடைய நல்ல மனசா, இல்லை வேலையே அதுதானா? அதனால் குடியிருப்பு உண்மையிலேயே நன்றாகிறதா?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வேலையே அதுதான்; சட்டத்தில் எழுதி வைத்த வேலை. இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம், ஆனால்’ என்றுதான் என்னால் ஆரம்பிக்க முடியும். அந்த ‘ஆனால்’ கொஞ்சம் நீளம்.

நான் இங்கே வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம், வாரம் ஒரு ராத்திரி எங்கள் தொகுதி எம்.பி.யின் மக்கள் சந்திப்பில் தொண்டூழியம் செய்து வருகிறேன். தமிழில் பேசுபவர்களின் குறையைக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதமாக எழுதிக் கொடுப்பது என் பங்கு. கட்சி உறுப்பினர் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் குட்டு வைக்கும் சுதந்திரம் உண்டு.

முதலில் ஒன்று. சிங்கப்பூரில் மாநகராட்சி கிடையாது, வார்டு கவுன்சிலரும் கிடையாது. ஒருகாலத்தில் நகரசபை இருந்தது. 1957-ல் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயரானார். 1959-ல் தன்னாட்சி வந்ததும் நகரசபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இப்போதும் மேயர் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள். உதவித் திட்டங்களைப் பார்ப்பவர்களே தவிர, தெருவிளக்கு பார்ப்பவர்கள் இல்லை. குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வாழும் அடுக்குமாடிகளைக் கட்டியது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக. கட்டியவர்களே 1980-களின் நடுப்பகுதி வரை பராமரிப்பையும் பார்த்துக்கொண்டார்கள். படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்றால் வீவக கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அரசியல்வாதிக்கு அங்கே நேரடி வேலை இல்லை.

1986-ல் அங் மோ கியோவில் மூன்று நகர மன்றங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1988-ல் நகர மன்றச் சட்டம் வந்தது. அந்தத் தொகுதியில் ஜெயித்த எம்.பி.யே மன்றத்தை நடத்துவார். பல எம்.பி.களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதியாக இருந்தால் ஜெயித்த அத்தனை எம்.பி.களும் சேர்ந்து நடத்துவார்கள். குடியிருப்பாளர்களிலிருந்து ஆட்களை உறுப்பினர்களாக நியமித்துக்கொள்வார்கள். குடியிருப்பாளருக்குத் தன் இடத்தைப் பற்றிச் சொல்ல உரிமை வேண்டும் என்பது அப்போது சொன்ன ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் ஒளிக்கவில்லை: ஓட்டுப் போடும்போது யோசித்துப் போடுவீர்கள், ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பவர் கையில்தான் உங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) லிஃப்டும் காசும் போகப் போகிறது. 1984 தேர்தலில் எதிர்க்கட்சி இரண்டு இடங்களைப் பிடித்திருந்த சமயம் அது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் தானாக விளங்கும்.

நகர மன்றம் பார்ப்பது வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் பொது இடம். தாழ்வாரம், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, குப்பைக் குழாய், புளோக்கின் கீழ்த்தளம், விளையாட்டுத் திடல், பூச்செடி, பெயின்ட். இதற்காக ஒவ்வொரு வீடும் மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது; நாலறை வீட்டுக்கு எழுபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாக்கில் வரும், மன்றத்துக்கு மன்றம் கூடக் குறைய இருக்கும். அரசாங்கமும் மானியம் தருகிறது. வந்த பணத்தை அப்படியே செலவழித்துவிட முடியாது. கட்டணத்திலும் மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காடு நீண்டகாலப் பராமரிப்பு நிதிக்கு, 14 விழுக்காடு லிஃப்ட் மாற்றும் நிதிக்கு என்று 2017-லிருந்து விதி. அதாவது பத்து வெள்ளி வந்தால் நாலு வெள்ளியைத் தொடாமல் ஒதுக்க வேண்டும். இந்த விதியை நான் ரொம்ப மதிக்கிறேன். அடுத்த தேர்தலுக்குள் ரிப்பன் வெட்ட ஆசைப்படும் எந்த அரசியல்வாதியும், கேட்பாரில்லாமல் விட்டால் முதலில் கை வைப்பது இந்தப் பணத்தில்தான்.

அப்புறம் லிஃப்ட். பத்திரிகையில் ‘மின்தூக்கி’ என்று எழுதுவார்கள்; வாயில் எல்லோருக்கும் லிஃப்ட்தான்.

நான் வந்த புதிதில் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய புளோக்கின் ஏழாவது மாடி. அங்கே லிஃப்ட் 1, 5, 9 என்று மூன்று இடத்தில் மட்டும் நிற்கும். 1990-க்கு முன் கட்டிய புளோக்குகள் பலவற்றில் இதே கதைதான். ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தாவிட்டால் கட்டுமானச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கட்டியவை. ஏழாவது மாடிக்காரர்கள் யாரும் ஐந்தில் இறங்கி ஏற மாட்டோம். ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி கீழே நடப்போம். அரிசி மூட்டை வாங்கிய நாளில் அந்த இரண்டு மாடி இறக்கம் எவ்வளவு பெரிய வரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் ஆறாவது மாடிச் சீனப் பாட்டிக்கு முழங்கால் போன பிறகு, அவர் வெளியே வருவதே நின்றுபோனது. சந்தைக்குப் போகிறவர்கள் அவருடைய கதவில் தொங்கும் பையை எடுத்துக்கொண்டு போய்க் காய் வாங்கித் திரும்ப மாட்டிவிடுவோம். சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் நாலு ஆம்பிளைகள் வேண்டும்.

2001-ல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. எல்லாத் தளத்திலும் நிற்கும்படி புது லிஃப்ட், சில இடங்களில் கட்டடத்துக்கு வெளியே புதிதாக ஒரு லிஃப்ட் கோபுரமே எழுப்ப வேண்டும். செலவில் பெரும்பகுதி அரசாங்கம் ஏற்கும், நகர மன்றம் ஒரு பங்கு போடும், வீட்டுக்காரர் 3,000 வெள்ளி வரை கட்ட வேண்டும். ஆனால் வாக்கெடுப்பில் 75 விழுக்காடு சம்மதம் கிடைத்தால்தான் வேலை நடக்கும்.

எம்.பி.யின் உழைப்பை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது இந்த வாக்கெடுப்புச் சமயத்தில்தான். ஐந்தாம் மாடிக்காரருக்கு லிஃப்ட் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. அவருக்கு என்ன அவசரம்? வேலை இல்லாமல் இருப்பவருக்கு அந்தப் பணம் பெரிது. “இரண்டு வருஷத்தில் வீட்டை விற்கப் போகிறேன், எனக்கெதுக்கு” என்பார் ஒருவர். எங்கள் எம்.பி. கதவு கதவாக ஏறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஒன்பதாம் மாடியில் இருந்த தமிழ்க் குடும்பத்திடம் அவர் பேசியதை நான்தான் மொழிபெயர்த்தேன். லிஃப்ட் வந்தால் வீட்டு விலை ஏறும் என்றெல்லாம் ஆரம்பித்தார், வீட்டுக்காரர் அசையவில்லை. கடைசியில், ஆறாம் மாடிப் பாட்டியின் பெயரைச் சொல்லி, “உங்களுக்கு அவரைத் தெரியுமா” என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா உள்ளிருந்தே, “சரி, எங்க கையெழுத்து போடணும்” என்றார். இந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட புளோக்குகள் மாறின. அந்த மாதிரி ஒவ்வொரு புளோக்கிலும் யாரோ ஒருவர் இப்படி மாடி ஏறியிருக்கிறார்.

இதே லிஃப்டில்தான் இந்த ஏற்பாட்டின் அசிங்கமான பக்கமும் இருக்கிறது.

1997 தேர்தலில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் வெளிப்படையாகவே சொன்னார்: எங்களுக்கு ஆதரவு தரும் பகுதிகளுக்கு மேம்பாட்டில் முன்னுரிமை. வாக்குகளை வட்டாரம் வட்டாரமாக எண்ணியதால், எந்தப் பகுதி யாருக்குப் போட்டது என்பதும் தெரியும். எதிர்க்கட்சித் தொகுதிகளான ஹவ்காங்கும் பொத்தோங் பாசிரும் வரிசையின் கடைசிக்குப் போயின. பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங் 1984-லிருந்தும், ஹவ்காங்கில் பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் 1991-லிருந்தும் எம்.பி.கள். இரண்டு பேரும் கையில் இருந்த கட்டணப் பணத்தை வைத்தே நகர மன்றத்தை ஓட்டினார்கள்.

2006-ல் ஹவ்காங்குக்கு 100 மில்லியன் வெள்ளி, பொத்தோங் பாசிருக்கு 80 மில்லியன் வெள்ளி மதிப்பில் மேம்பாட்டுத் திட்டங்கள், ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியை (மசெக) ஜெயிக்க வைத்தால் கிடைக்கும் என்று வாக்குறுதி வந்தது. இரண்டு தொகுதி மக்களும் மறுத்துவிட்டார்கள். மறுத்தது மட்டுமில்லை, லோவும் சியாமும் 2001-ஐ விடக் கூடுதல் விகிதத்தில் ஜெயித்தார்கள். லிஃப்ட் நிற்காத மாடியில் குடியிருந்துகொண்டு அந்த ஓட்டைப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். பொத்தோங் பாசிர் 2011-ல் கை மாறியது. சியாம் வேறு தொகுதிக்குப் போய்விட, அவர் மனைவி நின்று 114 ஓட்டில் தோற்றார். சரிவுக் கூரை போட்ட அந்தப் புளோக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 114 ஞாபகம் வரும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. மக்கள் கழகம் என்ற அரசாங்க அமைப்பின் கீழ் இயங்கும் அடித்தள அமைப்புகளுக்கு ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆலோசகர் இருப்பார். ஆளுங்கட்சித் தொகுதியில் எம்.பி.யே ஆலோசகர். எதிர்க்கட்சி ஜெயித்த தொகுதியில் எம்.பி.க்கு அந்தப் பதவி கிடைக்காது. பெரும்பாலும் தோற்ற மசெக வேட்பாளர்தான் ஆலோசகர். கூரை நடைபாதை, உடற்பயிற்சி மூலை மாதிரியான சில சமூக மேம்பாட்டு வேலைகளுக்கான அரசாங்கப் பணம் இந்த அமைப்புகள் வழியாகப் பரிந்துரை ஆகிறது. ஜெயித்தவர் கூட்டிப் பெருக்குவார், தோற்றவர் நடைபாதைக்குக் கூரை போடுவார். ‘அரசாங்கத் திட்டத்தை நடத்த அரசாங்கத்தின் ஆள் வேண்டும்’ என்பது தரப்படும் விளக்கம். எனக்கு அது செரித்ததில்லை.

நீங்கள் ‘குடியிருப்பு நன்றாகிறதா’ என்று கேட்டதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஒரு குச்சி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2014 ஆகஸ்ட், தேசிய தினப் பேரணி உரை. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் புக்கிட் கொம்பாக்கில் ஒரு நடைபாதையின் படத்தைக் காட்டினார். அந்தத் தொகுதியின் எம்.பி. லோ யென் லிங், அங்கே மீன் உருண்டை செருகும் குச்சி கிடக்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்று புகார் தந்திருந்தார். ஏன் ஒரு பக்கம் சுத்தமாக இருக்கிறது, மறுபக்கம் குச்சி கிடக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். இடப்பக்கச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்துடையது. நடுவில் போகும் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது. சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. மூன்று பேருக்கும் வேறு வேறு துப்புரவு நேரம். சரிவில் விழுந்த குச்சி தன் நாளுக்காகக் காத்திருந்தது. அதே குச்சி இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் முன்னமே போயிருக்கும்.

நாடே சிரித்தது. ஆனால் மக்கள் சந்திப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை, எங்கள் வாராந்திரப் பாடு அதுதான். தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டினால் நகர மன்றம். அதே தண்ணீர் வீட்டுக்குள் மேல்மாடியிலிருந்து சொட்டினால் வீவகவும் மேல்வீட்டுக்காரரும். மழைநீர் வடிகாலில் தேங்கினால் பொதுப் பயனீட்டுக் கழகம். தேங்கியதில் கொசு வந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம். தண்ணீருக்குத் தெரியுமா தான் எந்த வாரியத்தின் எல்லையில் சொட்டுகிறோம் என்று? வயசானவரிடம் போய், “நீங்க தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க” என்று எத்தனை தடவை சொல்வது?

அந்த உரைக்குப் பின், 2014 அக்டோபரில் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைத்தார்கள். 2015 ஜனவரியில் ‘ஒன்சர்வீஸ்’ செயலி வந்தது. படம் எடுத்து அனுப்பினால் போதும். எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2021-ல் வாட்ஸ்அப்பிலேயே புகார் சொல்ல ‘காக்கி’ என்ற தானியங்கிப் பதிலாளி வந்தது. மலாய் பேச்சில் காக்கி என்றால் கூட்டாளி. குச்சிக்கும் செயலிக்கும் நடுவே ஒரு எம்.பி.யின் விடாப்பிடி இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவர் புதுச் சட்டம் எதையும் கொண்டுவரவில்லை, பெரிய நிதியும் ஒதுக்கவில்லை. ‘இது யார் இடம்’ என்ற கேள்விக்கு மேலிடத்தில் இருப்பவர்களே வெட்கப்படும்படி ஒரு பதிலை வெளியே கொண்டுவந்தார். உள்ளூர் எம்.பி.யின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். பெயின்ட் அடிக்க ஒப்பந்தக்காரர் போதும். மூன்று வாரியங்களை ஒரே நடைபாதையில் நிற்க வைக்க, ஓட்டு வாங்கி வந்த ஓர் ஆள் வேண்டும்.

மக்கள் சந்திப்பு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். டேவிட் மார்ஷல் முதல்வராக இருந்த 1955-ல் தொடங்கிய பழக்கம் இது. வாரம் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், இரவு ஏழரை வாக்கில் தொடங்கும். மசெக எம்.பி.கள் அநேகமாகக் கட்சியின் பாலர் பள்ளியில் நடத்துவார்கள். எதிர்க்கட்சியினருக்கு அந்த வசதி இல்லாததால் புளோக்கின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசை போட்டு நடத்துவார்கள். மழைச் சாரல் அடித்தால் மேசை நகரும். பாலர் பள்ளியில் வேறு தமாஷ். நாற்காலியெல்லாம் நாலு வயசுக் குழந்தைகளுக்கானது. முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்துகொண்டு, வீட்டுக் கடன் தவணை மூன்று மாதம் நின்றுபோனதைச் சொல்வார் ஐம்பது வயது லாரி ஓட்டுநர். பின்சுவரில் ஆப்பிள், வாழைப்பழப் படங்கள்.

எண் வாங்கி உட்கார்ந்தவரிடம் தொண்டூழியர் விவரம் கேட்டுத் தட்டச்சு செய்வார். அப்புறம் எம்.பி. முன்னால் போய் உட்கார வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் நள்ளிரவு தாண்டும். கடிதம் போனதும் காரியம் நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எம்.பி. கடிதம் ஒரு வேண்டுகோள்தான்; உத்தரவு இல்லை. பார்க்கிங் அபராதத்துக்கு மன்றாடிப் போடும் கடிதங்களுக்கு ‘பரிசீலித்தோம், இயலாது’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் ஒன்று நடக்கும்: பதில் வரும். எழுத்தில், காரணத்தோடு வரும். எங்கள் ஊர்ப் பக்கம் மனுக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்த அப்பாவை நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் முடிவதற்கு அளவு ஒரு காரணம். 2025 தேர்தலில் 97 இடங்களுக்குச் சுமார் 27.5 லட்சம் வாக்காளர்கள். ஓர் எம்.பி.க்கு 28 ஆயிரம் பேர் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி இரண்டு லட்சத்துக்கு மேல். உங்கள் எம்.எல்.ஏ. வாரம் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் வரிசை ராமநாதபுரம் வரை போகும். ஆகவே இதை அப்படியே அங்கே நட முடியாது; உங்களுக்கு இதற்குச் சமமானவர் மாமன்ற உறுப்பினர்.

எம்.பி. தோற்கும் இடங்களும் உண்டு. முக்கியமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆள்.

மேல்வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் சிகரெட் புகை, மேலிருந்து காயும் துணியில் சொட்டும் தண்ணீர். என் மேசைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் புகார்களில் பாதி இவைதான். ஊதுபத்திப் புகைக்காக நம்மவர் மேல் வந்த புகாருக்கும் நான் உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறேன். லிஃப்டை மாற்றிய எம்.பி.யால் ஒரு நாற்காலிக் காலுக்கு ரப்பர் போட வைக்க முடியாது. 2015-ல் அண்டை வீட்டார் தகராறுகளுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைத்தார்கள். ஆனால் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று நிரூபிப்பது புகார் தருபவர் பாடு.

புகைக்குச் சட்டம் போட்டே பார்க்கலாம் என்று முயன்றவர் நீ சூன் குழுத்தொகுதியின் அப்போதைய எம்.பி. லூயிஸ் இங். வீட்டு ஜன்னல் ஓரத்திலும் பால்கனியிலும் புகைபிடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று பல வருடம் கேட்டார்; 2020 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் அதற்காகவே தனியாகப் பேசினார். சொந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாகிவிடும், அமலாக்குவதும் கடினம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அவரும் ஆளுங்கட்சி எம்.பி.தான் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் ஒரு பூனைக் கதை வேறு மாதிரி முடிந்தது. வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. எத்தனையோ பேர் ஒளித்து வளர்த்தார்கள். புகார் வந்தால் மட்டும் பிரச்சினை. அமைச்சர் கா. சண்முகத்தின் சோங் பாங் தொகுதியில் 2012-ல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். பூனைக்குக் கருத்தடை செய்து, பதிவு செய்தால் வளர்க்கலாம். ஒரே ஒரு பேட்டையில் நடந்த அந்தச் சோதனைக்குப் பின் பன்னிரண்டு வருடம் ஆனது. 2024 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க வீவக வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். பன்னிரண்டு வருடம் கொஞ்சம் அதிகம்தான். பூனையின் ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

காசு விஷயத்தில் சறுக்கியதையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. நீண்டகால நிதி சும்மா கிடக்காமல் முதலீடு ஆகும். 2008-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது, மசெக நடத்திய எட்டு நகர மன்றங்கள் சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களில் சுமார் 16 மில்லியன் வெள்ளி போட்டிருந்தது வெளியே வந்தது. ஹாலந்து-புக்கிட் பாஞ்சாங் மன்றம் மட்டும் 8 மில்லியன். லிஃப்டுக்கும் பெயின்ட்டுக்கும் சேர்த்த காசு நியூயார்க்கில் என்ன செய்கிறது என்று மக்கள் கேட்டார்கள். மறுபக்கம், 2011-ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பிடித்த பாட்டாளிக் கட்சி தன் நகர மன்றத்துக்கு அவசரத்தில் நிர்வாக நிறுவனத்தை நியமித்தது. தலைமைக் கணக்காய்வாளர் 2015-ல் கணக்கு நிர்வாகத்தில் கோளாறுகளைப் பட்டியலிட்டார். விஷயம் நீதிமன்றம் போய் 2024-ல்தான் சமரசத்தில் முடிந்தது. நல்ல பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர் மறுநாளே பல மில்லியன் வெள்ளிக் கணக்குக்குப் பொறுப்பாளர் ஆகிறார். இரண்டு திறமையும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நம்புவது பெரிய நம்பிக்கைதான். 2010-லிருந்து துப்புரவு, பராமரிப்பு, லிஃப்ட், கட்டண நிலுவை என்று மன்றங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை போடுகிறார்கள். அது கொஞ்சம் கடிவாளம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: நன்றாகிறது. லிஃப்ட் கெட்டால் எம்.பி.யின் பெயர் கெடும் என்ற ஏற்பாடு லிஃப்டுக்கு நல்லது. லிஃப்ட் வேண்டுமென்றால் இன்னாருக்குப் போடு என்று அதே ஏற்பாடு சொல்ல ஆரம்பித்ததும் வாக்காளருக்குக் கெடுதல். இரண்டும் ஒரே சட்டத்திலிருந்து வந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மதுரையில் உங்கள் தெருவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனு எழுதுவதற்கு முன் ஒரு காலை நேரம் செலவழித்து, வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். சாக்கடை யாருடையது, அதன் மேல் மூடி யாருடையது, சாலை மாநகராட்சியா நெடுஞ்சாலைத் துறையா, மின்கம்பம், குழாய் வெட்டிய பள்ளம், ஓரத்து மரம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். அந்தத் தாளோடு மாமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். எத்தனை பெயர் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். புக்கிட் கொம்பாக்கில் மூன்று.